வாசகர் கேள்வி – பதில்: மலைக்கிராமத்துத் தாய்மார் உலகத்துக்கு எழுதும் கடிதம்

இம்மாதம் நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறு, ஏறக்குறைய ஒரே பொருளைப் பற்றியவை. சிறு குழந்தைகளுக்கும் அவர்களை வளர்க்கும் குடும்பங்களுக்கும் துணை நிற்கும் உலக அமைப்புகளோடு தொடர்பு கொள்வது எப்படி என்பதே அந்தப் பொருள். ஆகையால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பதினான்கு தாய்மார் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். எங்கள் குடியிருப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பத்தொன்பது பேர். அவர்களுடைய பெயர், பிறந்த தேதி, எடை, போட்ட தடுப்பூசி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். அங்கன்வாடி இரண்டு கிலோமீட்டர் தொலைவில், காட்டெருமை நடமாடும் பாதைக்கு அப்பால் இருக்கிறது. குழந்தைகளுக்கு உதவும் உலக அமைப்புகள் பல உண்டு என்று கைபேசியில் படித்தோம். யாருக்கு எழுதுவது? என்ன எழுதுவது?
– ஒரு தாய், கோத்தகிரி வட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்தது அந்த நோட்டைப் பற்றிய வரியைத்தான். யாருக்கு எழுதினாலும் அதிலிருந்தே தொடங்குங்கள். அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

குழந்தைகளுக்காக இயங்கும் உலக அமைப்புகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. யுனிசெப் 1946ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரால் நலிந்த குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டு, 1949 முதல் இந்தியாவில் பணியாற்றி வருகிறது. ஆயினும் அது பெரும்பாலும் அரசுகளோடு சேர்ந்து திட்டங்களைச் செம்மைப்படுத்தும் அமைப்பே தவிர, ஒரு குடியிருப்பின் தாய்மார் குழுவுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் அமைப்பு அன்று. நெதர்லாந்து நாட்டின் வான் லியர் அறக்கட்டளை போன்றவை, தாம் தேர்ந்தெடுத்த இடங்களில் தாம் தேர்ந்தெடுத்த பணிகளுக்கு நிதி வழங்குகின்றன. அங்கும் உங்கள் கடிதத்துக்குப் பணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் வெளியிடும் கட்டுரைகளையோ யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

உங்களுக்கு உரியவை மூன்றாவது வகை அமைப்புகள். குழந்தைகளோடு அன்றாடம் பழகும் ஆசிரியர்கள், பணியாளர்கள், பெற்றோர் ஆகியோரின் கூட்டமைப்புகள் அவை. 1948ஆம் ஆண்டு பிராக் நகரில் உருவான ஓமெப் என்னும் உலகப் பாலர் கல்வி அமைப்பு அவற்றுள் மூத்தது. பல நாடுகளில் அதற்குத் தேசியக் குழுக்கள் உள்ளன. ஆசிய, பசிபிக் நாடுகளுக்கென்றே ஆர்னெக் என்ற வலையமைப்பு இருக்கிறது. 1999ஆம் ஆண்டு ஹொனலூலுவில் முதன்முறையாகக் கூடிய, இளம் குழந்தைகளின் பராமரிப்பும் கல்வியும் குறித்த உலக மன்றம் மற்றொன்று. இந்த மன்றத்தில் நேபாளத்தைச் சேர்ந்த ஒருவரும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவரும் 2009ஆம் ஆண்டு பேசிக்கொண்டதிலிருந்து பிறந்ததுதான், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 29ஆம் தேதி பல நாட்டுக் குழந்தைகள் மண்ணிலும் சேற்றிலும் விளையாடும் ‘சேற்று நாள்’. இருவர் மனம்விட்டுப் பேசியதற்கே இவ்வளவு பலன் இருக்குமானால், பதினான்கு தாய்மார் பேசுவதற்கு இடமில்லாமல் போகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் வெளியே எழுதுவதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்படி, சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல்சிகிச்சைக்கான பரிந்துரை, தாய்மாருக்கான ஊட்டச்சத்து மற்றும் நலக் கல்வி ஆகிய ஆறு சேவைகள் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் உரியவை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நாற்பது பேரேனும் இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கோரிக்கை வைத்தால், மூன்று மாதத்துக்குள் மையம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. உங்களிடம் இருப்பவர்கள் பத்தொன்பது பேர்தாம். எனவே அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். நாற்பது வராவிட்டாலும் கவலை வேண்டாம். மலைப்பகுதியில் 150 முதல் 300 பேர் வரை வாழும் இடத்துக்குச் சிறு அங்கன்வாடி என்ற ஏற்பாடு திட்டத்தின் விதிகளிலேயே இடம்பெற்றது. அதைச் சுட்டிக்காட்டி, கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்; திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுவும் கொடுங்கள். மனுவில் காட்டெருமைப் பாதையை எழுத மறக்க வேண்டாம், ஏனென்றால் தரைநாட்டில் இரண்டு கிலோமீட்டர் என்பதும் நம் மலையில் இரண்டு கிலோமீட்டர் என்பதும் ஒன்றல்ல.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘உங்கள் ஊரில் அரசின் ஏற்பாடு என்ன, அதில் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை’ என்பதுதான் பொறுப்பான எந்த அமைப்பும் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தவரோடுதான் உரையாடல் நீளும்.

இனி, நோட்டுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் இந்த மலையில் தாய் சேய் நலப் பணியில் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்கு ‘நாங்கள் மிகவும் ஏழைகள், எங்கள் குழந்தைகள் துன்பப்படுகிறார்கள், உதவுங்கள்’ என்று மூன்று பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. ஓராண்டு கழித்து, பன்னிரண்டு குழந்தைகளின் எடையை மாதவாரியாக எழுதி, ‘ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் குழந்தைகளின் எடை ஏறுவதே இல்லை, இது மழைக்கால நோயாலா, தாய்மார் கூலி குறைவதாலா, வேறு இடங்களில் இதை எப்படிக் கையாளுகிறார்கள்’ என்று ஒரே பக்கத்தில் கேட்டேன். நான்கு பக்கத்தில் பதில் வந்தது. அதில் பணம் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் இணை உணவை எந்த மாதத்தில், எவ்வளவு கெட்டியாகத் தொடங்குவது என்பது முதல், காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்குச் சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுவது வரை எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலை நான் அடுத்த பல ஆண்டுகள் பயன்படுத்தினேன்.

ஆகவே உங்கள் கடிதம் இப்படித் தொடங்கட்டும்: ‘தென்னிந்தியாவின் நீலகிரி மலையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய இத்தனை மீட்டர் உயரத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. நாங்கள் பதினான்கு தாய்மார், தேயிலை பறிப்பவர்கள். எங்கள் பிள்ளைகள் பத்தொன்பது பேர். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் இத்தனை பேர். நாங்கள் காலையிலிருந்து மாலை வரை வேலையில் இருக்கும்போது மூத்த பெண்மணி ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு ஒரு நாளில் குழந்தைகளோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்பதற்குப் பயிற்சி தேவை. இதே போன்ற நிலையில் உள்ள தாய்மார் குழு வேறு எங்கேனும் இருந்தால் எங்களை அவர்களோடு அறிமுகப்படுத்த முடியுமா?’ இவ்வளவு போதும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018ஆம் ஆண்டு வெளியிட்ட பராமரிப்புக் கட்டமைப்பு, ஒரு குழந்தைக்கு வேண்டியவற்றை ஐந்தாகப் பகுக்கிறது: உடல்நலம், போதிய ஊட்டம், பாதுகாப்பு, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் அரவணைப்பு, தொடக்கத்திலிருந்தே கற்கும் வாய்ப்பு. உங்கள் கேள்வி இவற்றில் எதைச் சார்ந்தது என்று ஒரு வரி சேர்த்தால், கடிதம் உரியவரின் மேசைக்குப் போய்ச் சேரும்.

ஆங்கிலம் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தமிழில் எழுதி, கைபேசியின் மொழிபெயர்ப்பில் இட்டு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளின் பெயரையும் முகம் தெரியும் படத்தையும் மட்டும் முதல் கடிதத்தில் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் மையத்துக்கு வரும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குழந்தைகள் முதல் சில மாதங்கள் வாய் திறப்பதே இல்லை. நான் பேசும் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. இதே சிக்கலை வேறு நாடுகளில் எப்படித் தீர்த்தார்கள்? அவர்களோடு தொடர்பு கொள்ள முடியுமா?
– அங்கன்வாடிப் பணியாளர், கூடலூர்

பதில்: குழந்தை மௌனமாக இருப்பதை மந்தம் என்று எழுதிவிடாமல், மொழியே காரணம் என்று கண்டுகொண்ட தங்களை வணங்குகிறேன். அந்த மௌனத்தைப் பிழையாகப் புரிந்துகொண்டு, பிற்காலத்தில் பள்ளியை விட்டு விலகும் நிலைக்குக் குழந்தைகளைத் தள்ளியது நம் மலையில் நெடுநாள் நடந்திருக்கிறது.

நியூசிலாந்து நாட்டின் தொல்குடிகளான மாவோரி மக்கள், தம் மொழி பேரக்குழந்தைகளின் நாவிலிருந்து நழுவுவதைக் கண்டு, 1982ஆம் ஆண்டு வெலிங்டன் நகருக்கு அருகில் முதல் ‘கொஹங்கா ரியோ’வைத் தொடங்கினார்கள். மொழிக்கூடு என்பது அப்பெயரின் பொருள். அங்கே பாட்டிமாரும் தாத்தாமாரும் வந்து அமர்ந்து, குழந்தைகளோடு தாய்மொழியிலேயே பேசி, பாடி, உண்டு, நாளைக் கழிப்பார்கள். பாடநூலைவிட மூத்தோரின் பேச்சையே அந்த முறை முதன்மையாகக் கொண்டது. ஹவாய்த் தீவு மக்கள் அதைப் பார்த்துத் தமக்கென இதே போன்ற மொழிக்கூடுகளை அமைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் ஒடிசா மாநில அங்கன்வாடிகளில் பழங்குடி மொழிகளில் முன்பருவக் கல்விக்கான பாடத்திட்டம் உருவாக்கப்பட்டிருக்கிறது.

தாங்கள் செய்யக்கூடியதும் இதைப் போன்றதே. வாரத்தில் இரண்டு நாள், ஊரின் பாட்டி ஒருவரை மையத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் பாடுவதையும் கதை சொல்வதையும், அவருடைய ஒப்புதலோடு, கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகளைக் கட்டணமின்றி எடுத்து, வேறு மொழிக்கு மாற்றி, மீண்டும் வெளியிடவே உரிமை தரப்பட்டிருக்கிறது; அதே படங்களைக் காட்டி, பாட்டியின் சொற்களில் கதையைச் சொல்லலாம். தங்கள் ஊரிலேயே 1980களிலிருந்து ஆதிவாசி மக்களோடு பணியாற்றும் அக்கார்ட் அமைப்பும், ஆதிவாசிக் குழந்தைகளுக்கான வித்யோதயா பள்ளியும் இருக்கின்றன. உலகத்தோடு பேசும் முன் அவர்களைச் சந்தியுங்கள். மொழியைப் பற்றி நியூசிலாந்துக்காரர்கள் கேட்கப்போகும் பல கேள்விகளுக்கு அவர்களிடம் விடை இருக்கும். நியூசிலாந்து மொழிக்கூட்டாருக்குக் கடிதம் எழுதும்போது, எந்த மாதத்தில் வந்த குழந்தை எந்த மாதத்தில் முதல் வார்த்தை பேசியது, எந்த மொழியில் பேசியது என்ற குறிப்பு ஒன்று உடன் செல்லட்டும். தங்கள் மையத்தைத் தவிர வேறெங்கும் கிடைக்காத செய்தி அது.

கேள்வி: இரண்டு வயதான என் மகளுக்கு டவுன் நோய்க்குறி இருப்பதாகச் சொன்னார்கள். உலகில் இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் ஒன்றுசேர்ந்து இயங்குவதாகக் கேள்விப்பட்டேன். நானும் சேரலாமா?
– ஒரு தந்தை, குன்னூர்

பதில்: கட்டாயம் சேருங்கள். இருபத்தோராம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் ஏற்படும் இந்நிலையைக் குறிக்கவே, மூன்றாம் மாதத்தின் 21ஆம் தேதியை ஐக்கிய நாடுகள் அவை 2012 முதல் உலக டவுன் நோய்க்குறி நாளாகக் கடைப்பிடிக்கிறது. சென்னையில் இந்தியப் பெற்றோரின் கூட்டமைப்பு ஒன்று நெடுங்காலமாக இயங்குகிறது; அதன் வழியாகப் பிற நாட்டுப் பெற்றோரோடு அறிமுகமாகலாம். ஆனால் காலம் இங்கே பொன். பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரையிலானவர்களுக்காக 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் விசாரித்து, இதயம், காது, கண், தைராய்டு சோதனைகளை இம்மாதமே முடித்துவிடுங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துக் குடும்பங்களின் வீட்டுக்கே பயிற்சியைக் கொண்டுசெல்லும் முறையை உருவாக்கி, வெளிநாட்டு ஆய்வாளர்களோடும் சேர்ந்து வேலை செய்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம் என்பது பெரிய ஆறுதல் அல்லவா?

கேள்வி: எங்கள் ஊர்க் குழந்தைகள் மையத்துக்கு, கனடாவில் வசிக்கும் என் மகள் நண்பர்களிடம் பணம் திரட்டி அனுப்ப விரும்புகிறாள். தடை உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், உதகை

பதில்: உண்டு, ஐயா. தங்கள் மகள் இந்தியக் குடியுரிமை உடையவராக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அவர் கனடாக் குடியுரிமை பெற்றிருந்தாலோ, அந்நாட்டு நண்பர்களின் பணத்தைச் சேர்த்து அனுப்பினாலோ, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு அது உட்படும். அச்சட்டப்படி பதிவு பெற, அமைப்பு மூன்று ஆண்டுகளேனும் இயங்கி, அக்காலத்தில் 15 லட்சம் ரூபாயேனும் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். நன்கொடை புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் தனிக் கணக்குக்கே முதலில் வர வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் இயலாது. ‘எங்கள் கணக்கில் வாங்கித் தருகிறோம்’ என்று யாரேனும் சொன்னால் இசைய வேண்டாம். பணம் அன்றி, அறிவும் பயிற்சியும் பெறுவதற்கு இத்தகைய தடை இல்லை என்பதால், மகளை அங்குள்ள குழந்தைகள் மையம் ஒன்றுக்குச் சென்று பார்த்து விரிவாக எழுதி அனுப்பச் சொல்லுங்களேன்.

கேள்வி: வெளிநாட்டு அமைப்பின் பெயரைச் சொல்லி ஒருவர் வாட்ஸப்பில் பேசினார். ஒவ்வொரு குழந்தைக்கும் மாதந்தோறும் பணம் வரும் என்றும், படமும் பிறப்புச் சான்றிதழும் ஆதார் நகலும் பதிவுக் கட்டணமும் அனுப்புமாறும் கேட்கிறார். நம்பலாமா?
– ஒரு தாய், பந்தலூர்

பதில்: நம்ப வேண்டாம், எதையும் அனுப்ப வேண்டாம். நேர்மையான எந்த அமைப்பும் உதவி பெறுபவரிடம் கட்டணம் கேட்காது. தத்தெடுப்புப் பேச்சு எழுந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை; நம் நாட்டில் பெற்றோரற்ற, கைவிடப்பட்ட குழந்தைகளின் தத்தெடுப்பு, மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் வழியாக மட்டுமே நடைபெற வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் இன்றே தெரிவியுங்கள். 1996ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய அந்த உதவி எண்ணின் பட்டறிவிலிருந்துதான், 2003ஆம் ஆண்டு பல நாட்டுக் குழந்தை உதவி எண்களின் உலகக் கூட்டமைப்பே உருவாயிற்று.

கேள்வி: நான் இலங்கையிலிருந்து சிறு வயதில் வந்தவள். எஸ்டேட் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) முப்பது வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. உலகத்தில் இருப்பவர்களுக்கு என்னைப் போன்றவள் சொல்ல என்ன இருக்கிறது?
– ஒரு பாட்டி, கொளப்பள்ளி

பதில்: அம்மா, பிள்ளைக் காம்பரா என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் கண்டதும் எனக்குத் தாயகம் திரும்பியோரின் குடியிருப்புகள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காகவே அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண் தொழிலாளர்களோ அவர்களுடைய குழந்தைகள் இருபது பேரோ இருக்கும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்றது; பல தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிப் பின்னர் வந்த தொகுப்புச் சட்டத்திலும் தோட்டங்களுக்கான காப்பக விதி இருக்கிறது. 1969ஆம் ஆண்டு டெல்லியில், கட்டட வேலை நடக்கும் இடத்தில் புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மொபைல் கிரெஷஸ் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டபோது, வேலைத்தளத்திலேயே காப்பகம் நடத்தும் பழக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குப் புதியதாக இருந்திருக்காது.

உலக அமைப்புகளில் இருப்பவர்கள் படித்தவர்கள். ஆனால் பத்துக் கைக்குழந்தைகளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் தூங்க வைத்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? முதல் நாள் தாயை விட்டுப் பிரிந்து கதறும் ஓராண்டுக் குழந்தையை எத்தனை நாளில், என்ன செய்து பழக்கினீர்கள்? பால் கொடுக்க மலையிலிருந்து தாய் இறங்கி வரும் நேரத்தைப் பிள்ளை எப்படித் தெரிந்துகொள்ளும்? மழைக்காலத்தில் தொட்டில் துணியை எங்கே உலர்த்தினீர்கள்? எந்தத் தாலாட்டு இலங்கையிலிருந்து வந்தது, எது இங்கே வந்தபின் பாடியது? கூர்ந்து பார்த்து, ஒரு குழந்தைக்குப் பேச்சு வராது, நடை வராது என்று மருத்துவருக்கு முன்பே நீங்கள் கண்டுகொண்டது உண்டா?

பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நாளுக்கு ஒரு கேள்வியாக, நீங்கள் சொல்லச் சொல்ல அவளை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், குழந்தைகளின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். பத்துப் பக்கம் சேர்ந்ததும் இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, மேலே நான் சொன்ன உலக மன்றத்துக்கும் ஆர்னெக் அமைப்புக்கும் உங்கள் பெயரிலேயே அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பதில் வந்தால், அதைத் தமிழாக்கி, கொளப்பள்ளிக்கு நானே எடுத்து வருகிறேன்.